ஏழாம் நிலையத்தின் பதில்

நானும் என் தம்பி அருள்மணியும் கடைசியாகச் சண்டை போட்டுக்கொண்டது ஒரு செல்போன் சார்ஜருக்காக.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு மதியம். இரண்டு மணி ஷிப்டுக்குத் திருவேட்டக்குடியிலிருந்து வழக்கம்போல ஒரே ஸ்கூட்டரில் வந்தோம். காரைக்காலுக்குள் நெரிசல், அரசலாற்றுப் பாலத்தில் எதிர்க்காற்று, போலகம் தாண்டியதும் எங்கள் ஆலையின் மீன் வாடை. கன்ட்ரோல் ரூமில் என் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஷிப்ட் புத்தகத்தில் கையெழுத்திட்டுத் திரும்பினால், என் போன் மேஜையில் கிடந்தது. சார்ஜரில் அவன் போன்.

"டேய், எடுடா அதை."

"ஒனக்கு இருவது இருக்குல்ல. எனக்கு நாலுதான்க்கா இருக்கு."

"ஒரு சார்ஜர் வாங்கத் துப்பில்ல, இவரு இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீசியன்."

"வாங்குனா அதையும் நீதான் எடுத்துட்டுப் போவ." ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து போனான்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசியதெல்லாம் வாக்கி டாக்கியில். வேலைப் பேச்சு மட்டும்.

எங்களுடையது மீனையும் இறாலையும் உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலை. அங்கே கம்ப்ரசர், குளிர் அறை, தண்ணீர்த் தொட்டி என்று எட்டு இடங்களில் எட்டு கன்ட்ரோல் பெட்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் இயந்திரங்களை ஓட்டும் ஒரு சின்னக் கணினி, பி.எல்.சி. அவற்றை நிலையங்கள் என்போம். எட்டையும் ஒரே கேபிள் கோத்துக்கொண்டு வந்து, கன்ட்ரோல் ரூமில் இருக்கும் தலைமைப் பி.எல்.சி.யில் முடியும். அவை பேசிக்கொள்ளும் முறைக்கு மோட்பஸ் என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அருள் அதை இப்படித்தான் சொல்லிக்கொடுப்பான்.

"வாத்தியார் அட்டென்டன்ஸ் எடுக்குறாருல்ல, அதேதான். அவரு நம்பரைக் கூப்புடுவாரு. அந்த நம்பர் மட்டும் உள்ளேன் ஐயான்னு சொல்லணும். கூப்புடாம எவனும் வாயத் தொறக்கக் கூடாது. கூப்புட்டும் சத்தம் வரலையா, ஆப்சென்ட். அவரு நிக்க மாட்டாரு, அடுத்த நம்பருக்குப் போயிடுவாரு."

நொடிக்கு ஒரு முறை இந்த அட்டென்டன்ஸ் நடந்துகொண்டே இருக்கும். பகலும் இரவும்.

ஏழாம் நிலையம் கழிவுநீர்ப் பம்ப் குழி. மீன் கழுவிய தண்ணீரெல்லாம் வந்து சேரும் பத்தடி ஆழக் குழி. ஓர் இரும்பு ஏணி. கீழே சுவரில் மூன்று பொருட்கள் இருந்தன. விஷ வாயுவை அளக்கும் சென்சார் ஒன்று; அதன் எண் பத்தைத் தாண்டினால் யாரும் இறங்கக் கூடாது. ஆபத்தென்றால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான். அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. குழிக்குள் வாக்கி டாக்கி எடுக்காது. பொத்தானை அமுக்கினால் கன்ட்ரோல் ரூமில் ஹாரன் அலறும். நான் ஒரு விசையைத் தட்டினால் கீழே பச்சை விளக்கு எரியும். கேட்டுவிட்டது, வருகிறோம் என்று அதற்கு அர்த்தம்.

கடற்காற்றின் உப்பில் ஏழாம் பெட்டியின் வயர் முனைகள் பச்சை பூத்துவிடும். மழைக்காலத்தில் ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை லைன் அறுந்து அறுந்து வரும். ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை ஹாரன். ஒருநாள் தலைவலி தாங்காமல் கத்திவிட்டேன்.

"லைன் போனா போவட்டும்டா. கடைசியா வந்த நம்பரையே காட்டுற மாதிரி வச்சுத் தொலை. லைன் வந்ததும் அதுவா மாறிக்கும்."

"தப்புக்கா அது."

"எல்லா பிளான்ட்லயும் அப்புடித்தான் வச்சிருக்கான். ரெண்டு நாள் இங்க ஒக்காந்து இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாரு, அப்பறம் தப்பு சரி பேசு."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து மாற்றிக் கொடுத்தான். லைன் அறுந்தால் இனி சத்தம் வராது. திரையில் கடைசி எண் அப்படியே நிற்கும். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சார்ஜர் சண்டை நடந்த அந்த மதியம், ஏழாம் குழியின் பம்பில் துணி சிக்கிக்கொண்டது. கையில் எடுத்துப் போகும் வாயு மீட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. 3:38க்கு அருள் வாக்கியில் கூப்பிட்டான்.

"கன்ட்ரோல் ரூம், ஏழுல கேஸ் எவ்வளவு காட்டுது?"

திரையைப் பார்த்தேன். "ரெண்டு."

"ரெண்டுதானா? எறங்கலாமா?"

"எறங்கு. சட்டுனு முடிச்சிட்டு ஏறிடு."

"உத்தரவுங்க மேடம்."

லைன் 3:31க்கே அறுந்திருந்தது. நான் சொன்ன இரண்டு, ஏழு நிமிடத்துக்கு முந்தைய இரண்டு.

4:12க்கு எலக்ட்ரீசியன் சோமு அண்ணன் ஏதோ ஸ்பானர் கேட்க அவனைத் தேடிப் போனார். அவர்தான் பார்த்தார். அவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தூக்கினார்.

விசாரணை நடந்தது. எச்சரிக்கை ஹாரனை நிறுத்தி நிரலை மாற்றியவர் இறந்தவரே என்று எழுதினார்கள். அது உண்மைதான். யார் சொல்லி மாற்றினான் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த வாயு அடித்தால் ஒரு நொடிதான், தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். அப்பாவைப்போல இவனும் கடலுக்குப் போகக் கூடாது என்று அடம்பிடித்துப் படிக்கவைத்தவள் அவள். நானும் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். அவன் பொத்தானை அமுக்கியிருக்க மாட்டான். கூப்பிட்டிருக்க மாட்டான். அது மட்டும் உண்மையாக இருந்தால் என்னால் மீதி நாட்களை ஓட்டிவிட முடியும்.

மாசியில் மறுபடி வேலைக்குப் போனேன். குழியில் மணல் கொட்டி மூடி, மேலே சிமென்ட் போட்டிருந்தார்கள். பின்பக்கம் புதுக் குழி தோண்டி அதற்கு ஒன்பதாம் எண் கொடுத்திருந்தார்கள். ஏழாம் பெட்டியை விசாரணைக்காரர்கள் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் போன கேபிளை நறுக்கி, முனையில் டேப் சுற்றி விட்டிருந்தார்கள்.

ஆனால் தலைமைப் பி.எல்.சி.யின் பட்டியலில் ஏழு இன்னும் இருந்தது. அதை எடுக்கக் கடவுச்சொல் வேண்டும். அது அருளுக்குத்தான் தெரியும். சென்னையிலிருந்து இன்ஜினீயர் வந்து மாற்றும்வரை அப்படியே கிடக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். அதனால் நொடிக்கு ஒரு முறை ஏழைக் கூப்பிட்டு, அரை நொடி காத்திருந்து, பதில் வராமல் எட்டுக்குப் போகும். திரையில் ஏழின் கட்டம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

நான் சேர்ந்த ஐந்தாம் நாள். வெளியே நல்ல வெயில். கண்ணாடிக்கு அப்பால் லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், யாரோ பாடிக்கொண்டிருந்தார்.

3:38க்கு ஏழாம் கட்டம் பச்சையானது.

வாயு: 2.

திரையில் கோளாறு என்றுதான் நினைத்தேன். கட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

5.

11.

கொஞ்சம் நின்றது. பிறகு 30. சேற்றை யாரோ கையால் கிளறுவதுபோல ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. 74. 68. 120.

நாற்காலியை விட்டு எழுந்தேன். வராந்தாவுக்கு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. லைன் அறுந்த ஹாரன் அல்ல. பொத்தான் ஹாரன்.

அது ஓய்ந்த பிறகும் நான் உள்ளே போகவில்லை.

மறுநாள் போனேன். உட்கார்ந்தேன். நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முழுக்கப் பார்த்தேன். 3:38க்குப் பச்சை. வாயு ஏறுகிறது. 3:46க்கு 310. அப்போது, அதுவரை சைபராக இருந்த பொத்தானின் எண் ஒன்றானது.

ஹாரன்.

சைபர். ஒன்று. மறுபடி ஹாரன்.

சைபர்.

ஒன்று.

மூன்று தடவையும் தட்டித் தட்டி எடுத்திருந்தான். நான்காவது தடவை நீளமாக அமுக்கினான். ஹாரன் நிற்கவேயில்லை. பிறகு நின்றது. வாயு 480 வரை போய் அங்கேயே நின்றது. சரியாக 4:12க்குக் கட்டம் சாம்பலானது.

அன்றைக்கு லைன் அறுந்ததால் என்னிடம் வந்து சேராத எண்கள் அவை. இப்போது வருகின்றன.

சோமு அண்ணனைத் தேடிப் போனேன். மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு, கிரீஸ் கையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அருள் எங்க கெடந்தான்?"

"என்னம்மா இப்ப போயி?"

"ஏணிக்கிட்டயா, பம்புக்கிட்டயா?"

"பம்புக்கிட்டதான். நான்தான் அன்னிக்கே சொன்னேனே."

"அண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், விரல் விரலாக.

"பொத்தான்கிட்ட கெடந்தாம்மா. கை செவுத்துல இருந்துச்சு. நாந்தான் யாருகிட்டயும் சொல்லல. ஒங்கம்மா தாங்காதுன்னு."

மறுநாள் அவரைக் கன்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிவந்தேன். வரும்போதே சிரித்துக்கொண்டுதான் வந்தார். "எவனோ வேற பெட்டியில ஏழுன்னு நம்பர் வச்சுத் தொலைச்சிருப்பான் பிரியா. ஒரு வகுப்புல ரெண்டு பேருக்கு ஒரே நம்பர் குடுத்தா இப்புடித்தான் ஆவும். எந்தப் பெட்டின்னு கண்டுபுடிச்சுக் காதைத் திருகிட்டு வர்றேன் பாரு."

3:38. பச்சை. அவர் எண்களைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கரைந்தது. எழுந்து போய், தலைமைப் பி.எல்.சி.யின் அடியில் எல்லா நிலையங்களும் வந்து சேரும் அந்த ஒரே கேபிளைப் பிடுங்கினார்.

திரையில் ஒன்று சாம்பலானது. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது என மற்றவையும் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின.

ஏழு மட்டும் பச்சையாக இருந்தது.

சோமு அண்ணன் கேபிளின் முனையைக் கையில் பிடித்தபடி நின்றார். அது எதிலும் செருகியிருக்கவில்லை.

வாயு: 205.

"மாட்டிருங்கண்ணே," என்றேன்.

அவர் மாட்டினார். இரண்டு தடவை தவறி மூன்றாவதில் பொருந்தியது. ஹாரன் அலறத் தொடங்குவதற்குள் வெளியே போய்விட்டார். ஏப்பமிட்டபடி உள்ளே வந்த மேனேஜர் திருஞானசம்பந்தம், ஹாரனைக் கேட்டு முகம் சுளித்தார்.

"இன்னுமா அந்தப் பழைய நம்பர் கெடக்குது? வியாழக்கிழமை சென்னையிலேருந்து இன்ஜினீயர் வர்றாங்கம்மா. மொத வேலையா அந்த ஏழை எடுத்துரச் சொல்றேன். பட்டியல்ல இல்லாட்டிக் கூப்புடாது. கூப்புடாட்டிச் சத்தமும் இல்ல."

அன்று செவ்வாய்.

புதன்கிழமை ஷிப்டுக்கு வரும்போது அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நாளைக்குப் பட்டியலிலிருந்து ஏழு போய்விடும். அவனைக் கூப்பிடுகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள். கூப்பிடாமல் அவன் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் 3:46க்கு அங்கே அவன் பொத்தானை அமுக்கிக்கொண்டுதான் இருப்பான். நான்கு தடவை. யாருக்கும் கேட்காமல். முன்பு ஒரு முறை நடந்தது, நாளையிலிருந்து தினமும் நடக்கும்.

ஒரு தடவையாவது பதில் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

3:38. பச்சை. இந்த முறை முதலில் வந்தது வாடை. ஏசி அறையில், மூடிய கதவுக்குள், அழுகிய முட்டை வாடை. எண் ஏற ஏற வாடையும் ஏறியது. கண் எரிந்தது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். 140 தாண்டியதும் வாடை சட்டென்று நின்றுவிட்டது. அந்த வாயு அதிகமானால் மூக்கைக் கொன்றுவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். துப்பட்டாவை மோந்து பார்த்தேன். தலையில் இருந்த மல்லிகையை எடுத்து மோந்தேன்.

எதிலும் வாசனை இல்லை.

3:46. ஹாரன். ஒரு தடவை.

விரல் விசைமேல் இருந்தது. அமுக்க முடியவில்லை.

இரண்டாவது தடவை.

"அருளு," என்றேன். "கேட்டுச்சுடா. அக்காவுக்குக் கேட்டுச்சு."

விசையைத் தட்டினேன்.

பச்சை விளக்கை எரியச் சொன்னால், ஏழாம் நிலையம் என் கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கிடைத்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அரை நொடி போயிற்று. திருப்பிச் சொன்னது. விளக்கு: 1.

ஹாரன் அடங்கியது.

அழுதேன். மூன்றாவது அழைப்பு வரவில்லை. நான்காவது வரவில்லை. அவனுக்குக் கேட்டுவிட்டது, அமைதியாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

பொத்தான் சைபருக்குத் திரும்பியிருக்கவில்லை.

ஒன்று.

அவன் கையை எடுக்கவில்லை.

4:12 ஆயிற்று. கட்டம் சாம்பலாகவில்லை. 4:30. ஐந்து மணி. வாயு 480. பொத்தான் ஒன்று. வெளியே இருட்டும்வரை அதே ஒன்று.

சோமு அண்ணன் கதவைப் பாதி திறந்து, உள்ளே வராமல் நின்றார். "என்னம்மா பண்ணுன?"

"கேட்டுச்சுன்னு சொன்னேண்ணே. பச்ச லைட்டு போட்டேன்."

"அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"வர்றோம்னு அர்த்தம்." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் குழியே இல்லியேம்மா. எங்க போவ நீ?"

முதல் முறை இரண்டு என்று சொல்லி அவனை இறக்கினேன். இரண்டாம் முறை வருகிறோம் என்று சொல்லி அங்கேயே இருக்கவைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்த இன்ஜினீயர் இனியா என்ற சின்னப் பெண். தோளில் லேப்டாப் பை, வாயில் சூயிங்கம். பத்து நிமிடத்தில் கடவுச்சொல்லைத் தாண்டி உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, ஏழைத் தூக்கணும்னு சார் சொன்னார். ஆனா இது நல்லாத்தானே பேசுது? ஒரு எர்ரர்கூட இல்ல. மத்த நிலையத்தைவிட ஒழுங்கா பதில் வருது." திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள். "கீழ யாரோ அந்த பட்டனை விடாம அமுக்கிப் பிடிச்சிட்டிருக்காங்க போல. கையை எடுக்கச் சொல்லுங்களேன்."

சோமு அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"அதை எடுக்காத பாப்பா," என்றேன்.

"சார் லிஸ்ட்ல இருக்குக்கா."

"சார்கிட்ட நான் பேசுறேன்."

பேசினேன். ஏழைப் பற்றி மட்டும் அல்ல. ஹாரனை நிறுத்தச் சொன்னது நான், தப்பு என்று அவன் சொல்லியும் கேட்காதவள் நான் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். "இதை இப்ப சொல்லி யாருக்கும்மா லாபம்?" என்றார். எழுதிக் கொடுத்தேன். அறிக்கையைத் திருத்தினார்கள், ஏழைப் பட்டியலிலேயே விட்டுவைத்தார்கள். என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு என் முன்னால் தள்ளினாள்.

உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் கையை எடுத்துவிடுவான் என்று நம்பினேன். அதற்காகத்தான் சொன்னேனோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. புதிய ஆபரேட்டர்கள் ஏழாம் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை. உதிரி நிலையம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். குழி மூடிய இடத்தில் மீன் கூடைகளை அடுக்குகிறார்கள். எனக்கு வாசனை திரும்பவில்லை. பேக்கிங் பிரிவில் அது ஒரு குறையாகத் தெரிவதில்லை.

ஷிப்ட் முடிந்து போகும்போது கன்ட்ரோல் ரூம் கண்ணாடியருகே நின்று உள்ளே பார்ப்பேன். இன்றும் பார்த்தேன். தலைமைப் பி.எல்.சி. நொடிக்கு ஒரு முறை ஏழைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நொடிக்கு ஒரு முறை பதில் வந்துகொண்டிருந்தது.

பொத்தான்: 1.